கேடயத்தை வெறும் கூட்டல் இரண்டாக எழுதாதீர்கள்

சோழநாட்டைக் களமாக வைத்துக் கற்பனைப் பகடை ஆட்டங்கள் எழுதிக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகளுக்கு,

தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, மயிலாடுதுறை என்று நம் ஆற்றுப் பாசனப் பூமியில் இருந்துகொண்டும், படிப்புக்கும் வேலைக்கும் போன ஊர்களில் அறை எடுத்துத் தங்கிக்கொண்டும் நீங்கள் எழுதுகிற விதிநூல் வரைவுகளை ஆசையோடு படிக்கிறேன். டிராகன் இருந்த இடத்தில் யாளி வந்திருக்கிறது. இருட்டுக் குகைக்குப் பதிலாகக் கோயிலடிச் சுரங்கம் வந்திருக்கிறது. நாகப்பட்டினத்தில் கப்பலேறிக் கடாரம் போகும் கதையை ஒருவர் எழுதியிருக்கிறார். படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. இதையெல்லாம் செய்கிறவர்கள் ஒரே ஓர் இடத்தில் மட்டும் கை ஓய்ந்துபோகிறீர்கள். அதற்காகத்தான் இந்த மடல்.

வில்லுக்கு நாண், தூரம், காற்று என்று விதி வைத்திருக்கிறீர்கள். மந்திரத்துக்குப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறீர்கள். கேடயத்துக்கு வரும்போது மட்டும் ஒரே வரி: ‘கேடயம், தற்காப்பு +2’. கிட்டத்தட்ட எல்லா வரைவிலும் அதே வரிதான்.

அது எங்கிருந்து வந்தது என்பது உங்களுக்குத் தெரியும். 1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸை வெளியிட்டபோது, கவசம் ஏதும் இல்லாதவனின் தற்காப்பு எண் 9. கையில் கேடயம் இருந்தால் 8. அந்த ஆட்டத்தில் எண் குறையக் குறையக் காப்பு கூடும். ஆக, கேடயத்தின் மதிப்பு ஒரே ஒரு புள்ளி. 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பில் அது இரண்டு புள்ளி. இருபது முகப் பகடையில் இரண்டு புள்ளி என்றால் இரண்டு முகம். நூறு வீச்சில் பத்து வீச்சு தப்பிக்கும். கணக்கில் பிழையில்லை. ஆனால் ஆடுகிறவர் என்ன செய்கிறார் பாருங்கள். பாத்திரம் உருவாக்கும் நாளில் கேரக்டர் ஷீட்டில் அந்த இரண்டைக் கூட்டி எழுதிவிடுகிறார். அதற்கப்புறம் அந்தக் கதை எத்தனை மாதம் ஓடினாலும் தன் இடக்கையில் ஒரு கேடயம் இருப்பதை அவர் நினைத்துப் பார்ப்பதே இல்லை.

இதை மாற்றிப் பார்த்தவர்கள் உண்டு. 1978இல் வந்த ரூன்குவெஸ்டில் கேடயத்தால் தடுப்பது தனித் திறமை. சதவீதப் பகடை உருட்டித் தடுக்க வேண்டும், தடுத்தால் கேடயம் அடியின் ஒரு பகுதியை வாங்கிக்கொள்ளும். பழைய பாணி ஆட்டக்காரர்களிடம் ஒரு வீட்டு விதி பரவியது. உயிர் போகிற அடி வந்தால் ‘கேடயம் உடையட்டும்’ என்று சொல்லிவிடலாம். அடி போய்விடும், கேடயமும் போய்விடும். எனக்கு மிகவும் பிடித்த விதி அது. 2019இல் வந்த பாத்ஃபைண்டர் இரண்டாம் பதிப்பு இன்னும் நுணுக்கமாகப் போனது. அங்கே உங்கள் முறையில் ஒரு செயலைச் செலவழித்துக் கேடயத்தை உயர்த்தினால்தான் காப்பு. உயர்த்தாதவருக்கு ஒன்றும் கிடையாது. இரும்புக் கேடயத்துக்குக் கடினம் 5, தாங்குதிறன் 20. ஒன்பது புள்ளி அடி விழுகிறது, கேடயத்தால் தடுக்கிறீர்கள் என்றால் ஐந்து கழிந்து, மீதி நான்கு உங்களுக்கும் கேடயத்துக்கும் தனித்தனியாகச் சேரும். தாங்குதிறன் பத்துக்கு இறங்கிவிட்டால் அது உடைந்த கேடயம்.

கேடயத்தை உயர்த்துவது ஒரு செயல் என்ற எண்ணத்தை அங்கிருந்து தயங்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். கழித்தல் கணக்கை மட்டும் விட்டுவிடுங்கள். ஐந்து பேர் உட்கார்ந்து ஆடும்போது ஒவ்வொரு அடிக்கும் இரண்டு கழித்தல் போட்டால் சண்டையின் சூடு ஆறிவிடும். அதைவிட முக்கியமான காரணம் ஒன்று இருக்கிறது: கேடயம் எப்படித் தேய்கிறது, யாரைக் காக்கிறது, யாருக்கு அது இழுக்கு என்பதையெல்லாம் நம் ஊர்ப் பாடல்களும் சிற்பங்களும் மண்ணும் ஏற்கெனவே சொல்லி வைத்திருக்கின்றன. விதியை அங்கிருந்து எடுக்கலாம்.

புறநானூற்றின் நான்காம் பாட்டு பரணர் பாடியது. பாடப்பட்டவன் சோழன் உருவப் பஃறேர் இளஞ்சேட்சென்னி. போர் முடிந்த களத்தை ஒவ்வொரு பொருளாகப் பார்த்துக்கொண்டே போகிறார் பரணர்: வாள், கழல், குதிரை, யானை. நடுவே கேடயங்கள் வருகின்றன. அம்பு துளைத்துத் துளைத்து அவை வில் பழகுகிறவர்கள் குறிபார்க்கும் இலக்கைப் போல ஆகிவிட்டனவாம். தோலால் செய்த கேடயம் அம்பைத் தடுத்தது உண்மை. தடுத்த ஒவ்வோர் அம்பும் ஓர் ஓட்டையை விட்டுப் போனதும் உண்மை. இதற்கு மேல் ஒரு விதி எழுத்தாளருக்கு என்ன வேண்டும்?

என் யோசனை இது. தடித்த அட்டையில் உள்ளங்கை அளவு வட்டமாக ஒவ்வொருவருக்கும் ஒரு கேடய அட்டை வெட்டிக் கொடுங்கள். கேடயம் ஓர் அம்பைத் தடுக்கும்போதெல்லாம், காகிதத்தில் துளை போடுகிற பஞ்சிங் மெஷினால் அந்த அட்டையில் ஒரு துளை. தோல் கேடயம் ஆறு துளை தாங்கட்டும், மரக்கேடயம் எட்டு, உலோகம் பன்னிரண்டு. எண்களை நீங்கள் ஆடிப் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள். அட்டையைத் தூக்கிப் பிடித்தால் எதிரே உட்கார்ந்திருப்பவர் முகம் துளை வழியே தெரியும். கழித்தல் கணக்கு ஒன்றும் வேண்டாம். தன் கேடயம் இன்னும் எவ்வளவு நேரம் தாங்கும் என்பது ஆடுகிறவரின் விரலுக்கே தெரிந்துவிடும். ஒரு மாலை முழுக்க ஆடிய பிறகு சல்லடையாகிப்போன அட்டையை எந்தப் பிள்ளையும் குப்பையில் போடாது.

அடுத்து, கையைப் பாருங்கள். நம் பக்கத்தில் கேடயம் ஏந்திய உருவத்தைத் தேடி அருங்காட்சியகம் வரை போக வேண்டியதில்லை. சோழர் கோயில்களின் வடக்குச் சுவரில் துர்க்கை நிற்கிறாள். பசுபதிகோயிலுக்குப் பக்கத்தில் புள்ளமங்கையில், முதலாம் பராந்தகன் காலத்துக் கோயிலில், எட்டுக் கையோடு நிற்கிற துர்க்கையின் முன்னால் போய் நின்று பாருங்கள். வாள் வலப்பக்கம், கேடயம் இடப்பக்கம். அப்படியே கீழே குனிந்து அதிட்டானத்தைப் பாருங்கள். சோழர் கோயில்களில் யாளி வரிசை ஓடி முடிகிற மூலைகளில் மகரத் தலை இருக்கும். அதன் வாய்க்குள்ளிருந்து வாளும் கேடயமுமாக ஒரு வீரன் வெளியே பாய்கிற சிற்பங்களைக் காணலாம். விரல் நீளச் சிற்பமானாலும் அந்த வீரன் கேடயத்தை நெஞ்சோடு ஒட்டிப் பிடிப்பதில்லை, முன்னே நீட்டுகிறான்.

ஏன் நீட்ட வேண்டும் என்பதை வாளும் கேடயமும் சொல்லித்தரும் சிலம்ப ஆசான் யாரிடமாவது கேளுங்கள். சொல்ல மாட்டார், செய்து காட்டுவார். நெஞ்சோடு ஒட்டிய கேடயம் தன் அளவுக்குத்தான் மறைக்கும். அதே சின்னக் கேடயத்தை எதிராளியின் வாள் கிளம்பும் இடத்துக்கு அருகே நீட்டினால், அந்த வாள் போகக்கூடிய வழிகளில் பெரும்பகுதி அடைபட்டுவிடும். அடியைக் கேடயத்தின் நடுவில் வாங்காமல் விளிம்பால் தள்ளிவிட வேண்டும்; நடுவில் வாங்கினால் மணிக்கட்டு போய்விடும். கண்ணுக்கு நேரே தூக்கினால் தன் பார்வையே மறையும். இந்த மூன்றையும் வைத்து ஒரு விதி எழுதலாம். சிறு வட்டக் கேடயம் வைத்திருப்பவர், எதிரியின் கை எங்கே கிளம்பும் என்று முன்கூட்டியே மேலே, நடு, கீழே என மூன்றில் ஒன்றை ரகசியமாகத் தேர்ந்து சீட்டைக் கவிழ்த்து வைக்கட்டும். சரியாகக் கணித்தால் அடி முழுவதும் விலகும். தவறினால் கேடயம் இருந்தும் இல்லாத கணக்கு. பெரிய கேடயம் வைத்திருப்பவர் எதையும் கணிக்க வேண்டியதில்லை. பாதி அடி எப்போதும் கழியும், ஆனால் அந்தச் சுற்றில் அவர் நகர முடியாது. இரண்டு கேடயத்தையும் இப்படிப் பிரித்துவிட்டால் இரண்டு விதமான ஆட்டக்காரர்களுக்கும் மேசையில் இடம் கிடைக்கும்.

கைப்பிடியைப் பற்றியும் ஒரு வார்த்தை. தஞ்சை மராட்டியர் காலத்து வட்டக் கேடயங்களின் முகப்பில் நான்கு குமிழ் இருக்கும். அழகுக்கு வைத்தது என்று தோன்றும். திருப்பிப் பார்த்தால் அந்த நான்கு குமிழும் உள்பக்க வளையங்களைப் பிடித்து நிறுத்துகிற ஆணிகளின் தலை. வளையங்களில் இரண்டு வார், நடுவில் விரல் முட்டி மோதாமல் இருக்க ஒரு மெத்தை. இரண்டு வாரையும் சேர்த்து முஷ்டியில் பிடிக்க வேண்டும். பிடித்த கை மூடிய கை. அந்தக் கையால் தீப்பந்தம் பிடிக்க முடியாது, கயிறு பற்ற முடியாது, வில் வளைக்க முடியாது. உங்கள் ஆட்டத்தில் சுரங்கத்துக்குள் போகும் கூட்டத்தில் யார் விளக்குப் பிடிப்பது என்ற கேள்வியை எழுப்ப இது ஒன்றே போதும். பல வரைவுகளில் ஒரே ஆள் வாள், கேடயம், பந்தம் மூன்றையும் ஏந்திக்கொண்டு நடக்கிறார். தயவுசெய்து அவருக்கு இரண்டு கைதான் என்பதை நினைவில் வையுங்கள்.

இந்தக் கேடயங்களை நேரில் பார்க்க வேண்டுமென்றால் தஞ்சாவூரில் தேடினால் ஏமாற்றம்தான். 1855இல் இரண்டாம் சிவாஜி மன்னர் ஆண் வாரிசில்லாமல் மறைந்தார். கும்பினியார் அரசை எடுத்துக்கொண்டார்கள். அரண்மனை ஆயுதக் கிடங்கில் தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்திருந்தவற்றில் பெரும்பகுதி உடைபட்டுப் பழைய இரும்பாகப் போயிற்று. நல்லதாகப் பொறுக்கி எடுத்த ஒரு பகுதி சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. கைக்கு மேலே இலைபோல வளைந்த காப்புத் தகடு வைத்த தஞ்சைக் கட்டாரிகள் இன்று வெளிநாட்டு அருங்காட்சியகங்களிலும் இருக்கின்றன. தாக்குகிற ஆயுதத்திலேயே காப்பையும் சேர்த்து அடித்த கொல்லர்கள் நம் ஊரில் இருந்தார்கள் என்பதற்கு அவை சாட்சி. அவர்கள் வேலை உருக்கப்பட்டதை நினைத்தால் எனக்கு இன்றும் வயிறு எரிகிறது. உங்கள் ஆட்டத்தின் ஆயுதப் பட்டியலிலாவது அந்தக் கட்டாரி இருக்கட்டும்.

காப்பும் தாக்குதலும் ஒன்றான இன்னொன்றும் நம்மிடம் உண்டு: மான் கொம்பு. வெளிமானின் முறுக்கிய கொம்பு இரண்டை எதிரெதிர்த் திசையில் நீட்டி நடுவில் சேர்த்துக் கட்டியது. சிலவற்றில் நடுவே சிறு தகடும் இருக்கும். தடுத்துக்கொண்டே குத்தலாம். அந்த மான் இன்றும் நம் டெல்டாவின் தென்கோடியில், 1967இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட கோடியக்கரையில் மேய்கிறது. கொம்புக்காக அதைத் தொடுவது 1972 சட்டப்படி குற்றம், இருக்க வேண்டிய சட்டம். சிலம்பக் கூடங்களில் உலோகத்தில் செய்ததை வைத்துப் பழகுகிறார்கள். விதி எளிது. மான் கொம்பு அம்பைத் தடுக்காது. பக்கத்தில் நின்று வெட்டுகிறவனின் குறி தவறினால், அந்தக் கணமே அவனுக்கு ஒரு குத்து விழும்.

இனி மண்ணைப் பற்றி. உங்கள் சண்டைகள் எல்லாம் புல்வெளியிலும் கல் தளத்திலும் நடக்கின்றன. காவிரி நாட்டில் ஐப்பசி, கார்த்திகையில் எங்கே கல் தளம்? சம்பா நட்ட வயலில் முழங்கால் வரை இழுக்கும் சேறு. நடக்க வேண்டுமானால் வரப்புதான். ஒரு வரப்பில் ஒரு ஆள்தான் நடக்க முடியும். எதிரே ஒருவன் வந்தால் ஒருவர் வயலில் இறங்கித்தான் ஆக வேண்டும். இப்படி ஒரு நிலத்தில் கேடயத்தின் மதிப்பே வேறு. வரப்பின் முனையில் பெரிய கேடயத்தோடு ஒருவர் நின்றால் அவருக்குப் பின்னால் பத்துப் பேர் பத்திரம். சுற்றி வளைக்க நினைக்கிறவன் சேற்றில் இறங்க வேண்டும். இறங்கினால் அவன் ஒரு சுற்றில் ஓர் அடிதான் நகர்வான், வில்லாளிக்கு அவன்தான் குறி. இதோடு மழையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பதப்படுத்தாத தோல் நனைந்தால் ஊறும், தொய்யும், கனக்கும். அடைமழையில் ஒரு நாள் நடந்த பிறகு தோல் கேடயத்தின் தாங்கும் துளையைப் பாதியாக்குங்கள். வெயிலில் காயவைத்தால் பழையபடி ஆகட்டும். அரக்குப் பூசியதற்கு இந்தத் தொல்லை இல்லை என்று வைத்துவிட்டால், கதையில் அரக்குப் பூசுகிற கைவினைஞர் ஒருவருக்கு வேலை வந்துவிடும்.

கேடயத்துக்குப் போரில் மட்டும்தான் வேலை என்றில்லை. காவிரிப்பூம்பட்டினத்துப் பரதவர் குடியிருப்பைப் பட்டினப்பாலை வருணிக்கும்போது, நீண்ட தூண்டில் கோல்களைச் சார்த்தி வைத்த குறுங்கூரைகளுக்கு ஓர் உவமை சொல்கிறது: வேலை ஊன்றிக் கேடயங்களை வரிசையாக நிறுத்தி நடுகல்லுக்கு எழுப்பிய அரண். முல்லைப்பாட்டின் பாசறையிலும் இப்படி வேலும் கேடயமும் வேலியாகின்றன. ஆகவே இரவு தங்கும் விதியில் இதையும் சேருங்கள். கூட்டத்தில் மூன்று பேர் தங்கள் கேடயங்களைக் கழற்றி வேலியாக நட்டால் பாசறைக்கு அரண் கிடைக்கும். நடு ராத்திரியில் தாக்குதல் வந்தால் அந்த மூவரும் வெறுங்கையோடு எழுவார்கள். யார் தன் கேடயத்தைக் கொடுப்பது என்று மேசையில் நடக்கிற பேச்சு, எந்தப் பூதத்தோடும் நடக்கிற சண்டையைவிடச் சுவையாக இருக்கும்.

நான் சொல்ல வந்ததில் எனக்கு மிக முக்கியமானது இனிமேல்தான். தஞ்சாவூரிலிருந்து நீடாமங்கலம் போகும் வழியில் கோயில்வெண்ணி இருக்கிறது. சர்க்கரை நோய் தீர வேண்டிக்கொண்டு ரவையும் சர்க்கரையும் கலந்து எறும்புக்குப் போடுகிறார்களே, அந்தக் கரும்பேசுவரர் கோயில் ஊர்தான். அங்கே, வெண்ணிப் பறந்தலையில், இளவயதுக் கரிகாலன் சேரனையும் பாண்டியனையும் வேளிர்களையும் வென்றான். தோற்ற சேரமான் பெருஞ்சேரலாதனுக்குப் புறப்புண் பட்டது. முதுகில் புண் என்ற பழியைப் பொறுக்காமல் அவன் வடக்கிருந்து உயிர் விட்டான். கழாத்தலையார் அவனுக்காக இரங்கிப் பாடினார். அதே வெண்ணியில் பிறந்த ஒரு குயவர் வீட்டுப் பெண், வெண்ணிக் குயத்தியார், வென்ற கரிகாலனையே நேருக்கு நேர் நிறுத்திக் கேட்டார்: நீ வென்றாய், சரி, புண்ணுக்கு நாணி வடக்கிருந்து புகழ் பெற்றானே அவன், உன்னைவிட நல்லவன் அல்லவா? வென்ற அரசனிடம் அவன் நாட்டுப் பெண் ஒருத்தி கேட்ட கேள்வி இது. கரிகாலனைப் பாடிய பாட்டாகவே அது தொகுக்கப்பட்டு இன்றுவரை புறநானூற்றில் இருக்கிறது.

இன்னொரு பக்கம் பாருங்கள். பிற்காலச் சோழர் குலத்தைத் தொடங்கிய விசயாலயன் உடம்பில் தொண்ணூற்றாறு தழும்பு என்று ஒட்டக்கூத்தர் உலாவில் பெருமையாகச் சொல்கிறார். விழுப்புண் படாத நாளையெல்லாம் வீணாய்க் கழிந்த நாளாக எண்ணும் வீரனைக் குறளின் படைச்செருக்கு அதிகாரம் காட்டுகிறது. நெஞ்சில் பட்ட புண் சொத்து. முதுகில் பட்ட புண் சாவைவிடக் கேடு. இப்படி நினைத்த மனிதர்களின் கையில் கேடயத்தைக் கொடுத்துப் பாருங்கள். தூக்கினால் உயிர் மிஞ்சும், தழும்பு மிஞ்சாது. இறக்கினால் பெயர் நிற்கும், ஆள் நிற்பது சந்தேகம். கேடயத்தை உயர்த்துவதா வேண்டாமா என்பது ஒவ்வொரு சுற்றிலும் மனசை அறுக்கிற கேள்வியாகிவிடுகிறது. கூட்டல் இரண்டு என்று எழுதியதும் அந்தக் கேள்வியே காணாமல் போகிறது. சோழநாட்டுப் பெயர்களையும் பட்டங்களையும் வைத்துக்கொண்டு அந்தக் கேள்வியை மட்டும் விட்டுவிட்டால், உங்கள் ஆட்டத்தில் சோழநாடு பெயரளவுக்குத்தான் இருக்கும்.

இதற்கு நான் வைத்துப் பார்த்த விதி இது. ஒவ்வொருவருக்கும் உயிர்ப்புள்ளி இருப்பதுபோலப் ‘புகழ்’ என்று ஒரு தனிக் கட்டம் இருக்கட்டும். அடி விழப்போகும் நேரத்தில், உயர்த்திய கேடயத்தை வேண்டுமென்றே இறக்கி முன்பக்கத்தில் அடியை வாங்கினால் ஒரு புகழ். பக்கத்தில் நிற்பவருக்காகத் தன் கேடயத்தை அவர் முன்னே நீட்டி, தனக்கு வந்த அடியைத் திறந்த உடம்பில் வாங்கினால் இரண்டு புகழ். முதுகில் அடிபட்டால் சேர்த்த புகழ் அத்தனையும் போகும். அப்படிப் போன பிறகு அந்த ஆட்டக்காரர் விரும்பினால் தன் பாத்திரத்தைக் கதையிலிருந்து முழுவதுமாக விலக்கிக்கொள்ளலாம். விலக்கினால் இழந்த புகழ் இரண்டு மடங்காகத் திரும்பி, அவர் அடுத்து உருவாக்கும் பாத்திரத்துக்குக் குலப்பெருமையாக வந்து சேரும். தோற்றவன் வென்றவனைவிட உயர்கிற வெண்ணியின் கணக்கு இதில் இருக்கிறது. சேர்ந்த புகழை எங்கே செலவழிப்பது? ஊருக்குள் நுழையும்போது பாணர் முன்னால் வந்து பாடுவார். பாடினால் அந்த ஊர் சோறு போடும், ஆள் கொடுக்கும், மறைவிடம் தரும். பொற்காசு கொடுத்து வாங்க முடியாததை மட்டும் புகழ் வாங்கட்டும்.

பெரிய கோயில் கல்வெட்டுகளில் வேளைக்காரப் படைகளின் பெயர்கள் வருகின்றன. அரசனுக்குத் தீங்கு வந்தால் தம் உயிரைக் கொடுப்பதாக உறுதி எடுத்தவர்கள் என்று அவர்களை வரலாற்றாசிரியர்கள் விளக்குகிறார்கள். உங்கள் ஆட்டத்தில் வேளைக்காரர் என்று ஒரு வகுப்பு இருந்தால், அவர் கேடயம் தன்னைக் காக்கவே காக்காது என்று எழுதுங்கள். தான் உறுதி கொடுத்த ஒருவரை மட்டுமே காக்கும், ஆனால் யாராலும் துளைக்க முடியாதபடி காக்கும். அந்த வகுப்பைத் தேர்ந்தெடுக்க ஒரு பிள்ளை முன்வந்தால், அவரை நம்பி மற்றவர்கள் ஆடலாம்.

யானைப்படையைப் பற்றிச் சுருக்கமாக ஒன்று. 1225ஆம் ஆண்டு வாக்கில் சீன அதிகாரி சௌ ஜு-குவா எழுதிய நூலில் சோழநாட்டு யானைகளின் முதுகில் வீடு போன்ற அமைப்பு இருப்பதாகவும், அதிலிருந்து தூரத்து எதிரி மேல் அம்பும் கிட்டத்து எதிரி மேல் வேலும் வரும் என்றும் இருக்கிறது. மேலிருந்து வரும் அம்புக்குக் கேடயத்தைத் தலைக்கு மேல் தூக்க வேண்டும். தூக்கினால் எதிரே நிற்பவனின் ஈட்டிக்கு நெஞ்சு திறந்துவிடும். யானை களத்தில் இருக்கும்வரை மேலா, முன்னா என்று சொல்லிவிட்டுத்தான் கேடயம் தூக்க வேண்டும் என ஒரு வரி சேர்த்தால் போதும்.

இவ்வளவையும் அப்படியே எடுத்துக்கொள்ளச் சொல்லவில்லை. எல்லாவற்றையும் ஒரே ஆட்டத்தில் திணித்தால் தலை சுற்றும். துளை விதியையும் புகழ் விதியையும் மட்டும் எடுத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் நாலு பேராக உட்கார்ந்து ஆடிப் பாருங்கள். தாயக்கட்டை உருட்டி வளர்ந்த வீட்டுப் பெரியவர்கள் யாராவது இருந்தால் அவர்களையும் ஒரு சுற்றுக்கு உட்கார வையுங்கள்; பகடை விழும் முன் மனசு எப்படித் துடிக்கும் என்பது அவர்களுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். அவர்களுக்கு விதி புரியவில்லை என்றால் விதியைச் சுருக்குங்கள்.

உங்களில் சிலர் அச்சுக்குப் போகப் போவதாகக் கேள்விப்பட்டேன். மனசுக்கு நிறைவாக இருக்கிறது. போகும் முன்பு இரண்டு காரியம் செய்யுங்கள். எழும்பூர் அருங்காட்சியகத்தின் ஆயுதக் கூடத்துக்கு ஒரு நோட்டுப் புத்தகத்தோடு போய், கேடயங்களின் அளவையும் வளைவையும் பார்த்து வரைந்துகொள்ளுங்கள். உங்கள் ஓவியர்களையும் கையோடு அழைத்துப் போங்கள். அப்புறம் வரைவைத் திறந்து, ‘கேடயம், தற்காப்பு +2’ என்ற அந்த ஒரு வரியை அடித்துவிட்டு, அந்த இடத்தில் உங்கள் சொந்த விதியை எழுதுங்கள்.

அன்புடன்,
தஞ்சாவூரிலிருந்து உங்களோடு ஆடும் ஒருவர்